பழைய பாக்கி

புதுவயலுக்குப் பொழுது விடிவது அரிசி ஆலைச் சங்கில்.
என் கடைக்கு விடிவது தேர்தல் தேதியில்.

வயிரவனின் முகம் என்னிடம் ஒரே கோப்பாக இருக்கிறது.
கறுத்த மீசை, கூப்பிய கை,
இரண்டாயிரத்துப் பதினொன்றில் எடுத்த படம்.
முதலில் ஒரு கரை வேட்டி, பிறகு வேறு கரை,
நடுவில் ஒருமுறை சுயேச்சை, சின்னம் சீப்பு.
துண்டின் நிறம் மாற்ற எனக்கு நாற்பது விநாடி.
கழுத்தில் கைவைக்க வேண்டியதில்லை.

போன பங்குனியில் நாலாவது துண்டு.
இருபதுக்குப் பத்து அடி, எட்டு எண்ணம்.
சரிபார்க்க வந்தவன் திரைப்பக்கம் குனிந்து
கீழ்மூலையைத் தொட்டான்.
"தாவூதண்ணே, கடைப் பேரு வேணாமே.
நமக்குள்ள ஒண்ணுமில்ல.
மேலிடத்துல பாக்குறாங்க."
பதினேழு வருடமாய் அழுத்தும் அழிப்புப் பொத்தானை
அன்றைக்குத் தேட வேண்டியிருந்தது.

பாக்கி பதினாலாயிரத்து முந்நூறு என்று நோட்டை நீட்டினேன்.
"அது பழைய கட்சிக் கணக்குண்ணே" என்றான்.
சிரிக்கக்கூட இல்லை.

பர்மாவில் கடையை விட்டுவிட்டுப்
பேரேட்டை மட்டும் தலையில் வைத்துக் காடு கடந்தவர்களின்
பேரன்மார் வாழ்கிற வட்டாரம் இது.
முதலாளி மாறலாம், பெயர்ப்பலகை மாறலாம்,
ஐந்தொகை எழுத உட்கார்ந்தால்
பாக்கி பாக்கிதான் என்பார்கள்.
அவனும் அந்தத் தெருதான்.

தை பத்தாம் தேதி ஜெபமாலை டீச்சர் வந்தார்.
ஆறுக்கு நாலு, பள்ளிக்கூடச் சுவருக்கு,
அரசியல் சாசனத்தின் முகப்புரை.
பென்டிரைவில் இருந்தது ஏதோ பழைய எழுத்துரு.
திறந்தால்
'நாம்' இருக்க வேண்டிய இடத்தில்
மூன்று ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியும்.
பரவாயில்லை என்று நானே அடித்தேன்,
ஒவ்வொரு சொல்லாக, ஒற்று விடாமல்.

இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை அச்சடித்திருக்கிறேன்.
படித்தது அன்றைக்குத்தான்.
தருகிறவரும் நாம், பெற்றுக்கொள்கிறவரும் நாம்.
வட்டிக்கடைத் தெருவில் எவரும்
இப்படியொரு பத்திரம் எழுதியதில்லை.
தேதி இருக்கிறது. தவணை இல்லை.
கட்சி மாறினால் செல்லாது என்று
எந்த வரியிலும் இல்லை, இரண்டுமுறை பார்த்தேன்.

சகோதரத்துவம் வரிக்குள் அடங்கவில்லை.
எழுத்தைச் சிறுசாக்கவா என்றேன்.
"துணியப் பெருசாக்குங்க" என்றார் டீச்சர்,
முந்தானை முடிச்சிலிருந்து
இன்னும் இருநூறு எடுத்து வைத்தபடி.

எந்திரம் ஓடத் தொடங்கியது.
மைத்தலை இடமும் வலமும் போய்வர
மக்கள் வந்தார்கள், நாம் வந்தோம்,
நீதி ஈரமாக வந்தது.
டீச்சர் திரையைப் பார்த்துக்கொண்டே கேட்டார்,
"கீழே கடைப் பேரு எங்க?"

மறந்துட்டேன் என்று சொல்லியிருக்கலாம்.
பங்குனியிலிருந்து
எவர் கேட்காவிட்டாலும் நானே எடுத்துவிடுகிறேன்
என்று சொல்லியிருக்கலாம்.
நிறுத்தினேன்.
பாதித் துணி வீண்.
மூலையில் பேரைப் போட்டு மறுபடி ஓட்டினேன்.
வீணான பாதியை நோட்டில்
என் பேரிலேயே பற்று எழுதினேன்.

அந்தப் பாதியை ஆலைக் களத்து முனியக்கா
கேட்டு வாங்கிப் போனாள், பனிக்கு நெல்லை மூட.
எழுத்து மேலே பார்க்க விரித்தாள்.
கீழே பார்த்தால் மை நெல்லில் ஒட்டுமாம்.

இரவு கடை சாத்திவிட்டு அந்த வழியாகப் போனேன்.
'நாம்' மேல் பனி இறங்கிக்கொண்டிருந்தது.
அடியில் நெல் கதகதவென்று இருந்தது, கையை வைத்துப் பார்த்தேன்.
அடுத்த குவியலின் மேல்
கை கூப்பிக் கிடந்தான் வயிரவன்,
மூன்றாவது துண்டோடு.